அமானிதத்தைக் கடனாக ஏற்ற ஹஜ்ரத் ஜுபைர் (ரலி)

நாடு கலங்கும் காலத்தில் முதலில் கலங்குவது வணிகனின் உள்ளமும், அவனை நம்பிப் பொருள் கொடுத்தவரின் உள்ளமுமாகும். கொடுத்தது திரும்புமா என்று ஒருவர் அஞ்சுவார். எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று மற்றவர் திகைப்பார். அவ்வேளையில் இரு சாராரும் நடந்துகொள்ள வேண்டிய முறையை அறிய விரும்பினால், ஹஜ்ரத் ஜுபைர் இப்னு அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அத்தை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் மைந்தர் இவர்; சுவனபதியைக் கொண்டு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மருள் ஒருவர். ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களை மணந்தபோது இவரிடம் இருந்தவை ஒரு குதிரையும், நீர் இறைக்கும் ஓர் ஒட்டகமுமே. பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்து இல்லறம் நடத்தியவர்கள் அந்த அம்மையார். பின்னர் அல்லாஹ் செல்வத்தைப் பெருக்கினான். எனினும், ஆளுநர் பதவியையோ வரி தண்டும் பதவியையோ இவர் ஒருபோதும் ஏற்றதில்லை.

இவரது நாணயத்தை அறிந்த மக்கள், தம் பொருளைப் பாதுகாத்துத் தருமாறு கொண்டு வருவார்கள். அதனை அமானிதமாக ஏற்க இவர் இசையமாட்டார், கடனாகவே பெற்றுக்கொள்வார். காரணம் யாது? அமானிதப் பொருள், காப்பவரின் குற்றமின்றித் தொலைந்து போனால், அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை என்பது மார்க்கச் சட்டம். கடனோ எந்நிலையிலும் தீர்க்கப்பட வேண்டியது. நட்டம் வந்தால் அது தம் தலையிலேயே விழட்டும் என்று வலிந்து ஏற்ற பெருந்தகைமையைப் பாருங்கள்!

ஹிஜ்ரி 36-ல் (கி.பி. 656) ஜமல் போர் மூண்டது. அன்று தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்களை அழைத்து, தம் பெருங்கவலை கடனே என்றும், சொத்துகளை விற்றுத் தீர்க்க வேண்டும் என்றும், இயலாதபோது தம் எஜமானிடம் உதவி தேட வேண்டும் என்றும் வஸிய்யத்துச் செய்தார்கள். எஜமான் எவர் என மகன் வினவ, அல்லாஹ் என விடையிறுத்தார்கள். போர்க்களத்தை விட்டு விலகிச் சென்ற அவர்கள், வழியில் கொல்லப்பட்டு ஷஹீதானார்கள்.

கணக்குப் பார்த்தபோது கடன் 22 லட்சம்! ரொக்கமாக ஒரு தீனாரோ திர்ஹமோ இல்லை. மதீனாவில் 11 வீடுகள், பஸ்ராவில் 2, கூஃபாவில் 1, மிஸ்ரில் 1. அவற்றுடன் ஃகாபா என்னும் நிலம். ஆட்சியே ஆட்டங்கண்ட நேரம் அது. கடன் கொடுத்தவர்கள் வாயிலில் வந்து கூச்சலிட்டார்களா? இல்லை. ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள், இச்சுமையைத் தாங்க இயலாவிடில் தம்மிடம் உதவி கேட்குமாறு கூறினார்கள். 4 லட்சம் வரவேண்டிய அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரலி) அவர்களோ, விட்டுவிடவும் தவணை தரவும் முன்வந்தார்கள். இரண்டையும் ஏற்காத மகனார், ஃகாபாவில் ஒரு பகுதியை அளந்து கொடுத்தார்கள். தந்தை 1,70,000-க்கு வாங்கிய அந்நிலம், பங்கொன்று ஒரு லட்சமாக 16 லட்சத்திற்கு மதிப்பிடப்பட்டது. கடன் முழுவதும் அடைந்தது.

உடன்பிறந்தோர் பாகம் கேட்டனர். மகனார் அவசரப்படவில்லை. தந்தையிடம் வரவேண்டியவர் எவரேனும் இருந்தால் வருக என்று நான்கு ஆண்டுகள் ஹஜ்ஜுக் காலந்தோறும் அறிவித்த பின்னரே சொத்தைப் பங்கிட்டார்கள். வஸிய்யத்தும் கடனும் போகவே வாரிசுரிமை என்பதன்றோ சூரத்துன் நிஸாவின் சட்டம்!

சகோதரர்களே! பிறர் பணம் உங்களிடம் இருக்கிறதா? இன்றே எழுதி வைத்து, மக்களிடம் சொல்லி வையுங்கள். உங்கள் பணம் பிறரிடம் முடங்கியிருக்கிறதா? அவர் நாணயமானவராயின் அவகாசம் கொடுங்கள். கடனின்றி நம் ஜனாஸா எழுந்திட அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.