விறகை மிச்சப்படுத்திய விஞ்ஞானி

குட்டீஸ்... இடி, மின்னலின் போது பட்டம் விட்டு ஆராய்ச்சி செய்த பெஞ்சமின் பிராங்க்ளினை உங்களுக்குத் தெரியும் தானே! அந்த ஆராய்ச்சி நடந்தது 1752ல். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, குளிரில் நடுங்கிய மக்களுக்காக அவர் ஓர் அடுப்பை வடிவமைத்தார். அந்தக் கதை தெரியுமா?

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், 1706ம் ஆண்டு, ஜனவரி 17ம் தேதி பிறந்தார் பிராங்க்ளின். தந்தை, மெழுகுவர்த்தியும், சோப்பும் செய்து விற்பவர். அவருக்கு மொத்தம், 17 பிள்ளைகள். அதனால், பிராங்க்ளின் பள்ளிக்குச் சென்றது இரண்டே ஆண்டுகள் தான். பத்து வயதில், தந்தைக்கு உதவியாக மெழுகுவர்த்திக்குத் திரி நறுக்கினார். 12 வயதில், அண்ணனின் அச்சகத்தில் வேலை கற்கச் சேர்ந்தார். கிடைத்த புத்தகங்களை எல்லாம் இரவில் கண் விழித்துப் படித்தார். 17 வயதில் பிலடெல்பியா நகருக்குப் போய், கடுமையாக உழைத்து, சொந்த அச்சகம் தொடங்கினார்.

பிலடெல்பியாவில் குளிர்காலம் மிகக் கடுமையாக இருக்கும். சுவரில் கட்டப்பட்ட பெரிய கணப்பு அடுப்பில் விறகு எரித்தால் தான் வீட்டில் இருக்க முடியும். ஊரைச் சுற்றியிருந்த மரங்களை வெட்டித் தீர்த்துவிட்டதால், விறகு வெகு தூரத்தில் இருந்து வந்தது. விலையும் ஏறியது.

சரி, அவ்வளவு விறகு எரித்தும் அறை சூடானதா? அது தான் இல்லை! அடுப்பின் முன் உட்கார்ந்தால் முகம் தகிக்கும். முதுகு குளிரில் விறைக்கும்.

இதற்குக் காரணம் என்ன என்று யோசித்தார் பிராங்க்ளின். சூடான காற்று லேசானது, மேலே எழும்பும். நெருப்பில் சூடான காற்று, புகையோடு சேர்ந்து புகைபோக்கி வழியாக வெளியே போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப, கதவு, ஜன்னல் இடுக்குகள் வழியாகக் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய விறகின் சூடு, வானத்துக்குத் தான் போனது!

1740களின் தொடக்கத்தில், இரும்புத் தகடுகளால் ஆன புதிய அடுப்பை அவர் வடிவமைத்தார். அதன் உள்ளே, காற்று வளைந்து வளைந்து செல்லும் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. புகை நேராக மேலே போகாமல், அந்தப் பெட்டியைச் சுற்றிக் கீழே இறங்கி, பிறகே புகைபோக்கிக்குப் போகும். பெட்டிக்குள் நுழைந்த காற்று சூடாகி அறைக்குள் வரும். தன் வீட்டு அறையில், முன்பு எரித்த விறகில் கால் பங்கு தான் செலவானது, ஆனால் அறை இரு மடங்கு சூடாக இருந்தது என்று பிராங்க்ளின் எழுதி வைத்தார். அடுப்பைப் பற்றி விளக்கமாக, 1744ல் ஒரு சிறு நூலும் வெளியிட்டார்.

அதைக் கண்டு மகிழ்ந்த பென்சில்வேனியா கவர்னர், காப்புரிமை தர முன்வந்தார். அதைப் பெற்றால், அந்த அடுப்பை வேறு யாரும் விற்க முடியாது, பணம் குவியும். பிராங்க்ளின் மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடித்தவற்றால் நாம் பயன் பெறுகிறோம். நம் கண்டுபிடிப்பையும் பிறருக்கு மகிழ்ச்சியோடு கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். லண்டன் வியாபாரி ஒருவர், அடுப்பில் சிறு மாற்றம் செய்து, தன் பெயரில் காப்புரிமை வாங்கிப் பணம் சேர்த்தார். அப்போதும் பிராங்க்ளின் வழக்குப் போடவில்லை.

அடுப்பில் ஒரு குறையும் இருந்தது. நெருப்பு மந்தமானால், கீழே இறங்க வேண்டிய புகை அறைக்குள் திரும்பி வந்தது. பின்னாளில் வந்தவர்கள் புகை செல்லும் வழியை மாற்றிச் சரி செய்தனர். ஆனாலும், 'பிராங்க்ளின் அடுப்பு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1776ல், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் பிராங்க்ளினும் ஒருவர். 1790ம் ஆண்டு, ஏப்ரல் 17ம் தேதி, 84 வயதில் மறைந்தார்.

குட்டீஸ்... ஒரு பொருளைச் சேமிக்க வேண்டுமானால், அது எந்த வழியாக வீணாகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பிராங்க்ளின் செய்ததும் அதைத்தானே!