பழைய பேப்பரோடு போன பறவைக் கணக்கு

மழைக்காலம் முடிந்ததும் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்க் கரைகளில் தொலைநோக்கியும் நோட்டுமாகச் சிலர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தனுஷ்கோடி மணல்திட்டில் பூநாரைகளை எண்ணுகிறவர்களும் உண்டு. வனத்துறை நடத்தும் கணக்கெடுப்பில் மாணவர்களும் ஆசிரியர்களும் ஊர்க்காரர்களும் சம்பளம் வாங்காமல் சேர்கிறார்கள். இதில் விவசாயிக்கு என்ன வேலை என்று கேட்டால், இதே வேலையை 150 ஆண்டுகளுக்கு முன் நாடு முழுவதும் செய்ய முயன்ற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர் என்று நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் அவர். மத்திய அரசில் வேளாண்மைக்கு முதன்முதலாகத் துறை அமைந்தபோது அதன் செயலராக இருந்தவரும் அவரே.

ஹியூம் பிறந்தது 1829-ல், இங்கிலாந்தில். தந்தை ஜோசப் ஹியூம் நாடாளுமன்ற உறுப்பினர். 1849-ல் வங்காள சிவில் சர்வீஸில் சேர்ந்து, இன்றைய உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் பணியாற்றினார். கிராமங்களில் இலவசப் பள்ளிகளைத் திறந்தார். 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்தார். உப்புக் கடத்தலைத் தடுக்கக் கருவேலும் இலந்தையும் கள்ளியும் வைத்து வளர்த்த அந்த நீண்ட முள்வேலி அப்போது இவர் பொறுப்பில்தான் இருந்தது.

அலுவலக வேலை போக மிச்ச நேரமெல்லாம் பறவைகளுக்கு. இவ்வளவு பெரிய நாட்டை ஓர் ஆள் சுற்றிப் பார்த்து எழுத முடியாது என்பது அவருக்குத் தெரியும். ரயில்வே பொறியாளர்கள், வனத்துறையினர், ராணுவத்தினர், தோட்டக்காரர்கள் என்று ஊர் ஊராக ஆள் பிடித்தார். சிந்து முதல் பர்மா வரை, இலங்கையிலிருந்தும்கூடக் கடிதங்கள் வந்தன. வேட்டைப் பறவைகளைப் பற்றிய அவருடைய நூலுக்கு மட்டும் 200 பேருக்கு மேல் குறிப்பு அனுப்பினார்கள். நம் கோத்தகிரியிலிருந்து எழுதியவர் மார்கரெட் காக்பர்ன் என்ற பெண்மணி. ஏற்காட்டுக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்த சேலம் கலெக்டர் காக்பர்னின் மகள் அவர்.

இந்தக் குறிப்புகளை அச்சிடவே 1872-ல் ஹியூம் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதன் பெயரைத் தமிழில் உதிர்ந்த இறகுகள் என்று சொல்லலாம். ஆளுக்கொரு முறையில் வேலை செய்தால் ஒப்பிட முடியாதே என்று 1874-ல் பறவை சேகரிப்பவர்களுக்குச் செய்முறைக் கையேடும் போட்டார். அன்றைக்குப் பறவையைச் சுட்டுத் தோலைப் பாடம் செய்து வைப்பதுதான் பதிவு. அந்த வகையில் இன்றைய தொண்டர்கள் எவ்வளவோ மேல். இன்னொரு குறையும் எனக்கு உண்டு. அச்சில் பெயர் வந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களே. மரமேறிக் கூட்டைக் காட்டிய ஊர்க்காரர்களின் பெயரைக் காண்பது அரிது.

1871-ல் வைஸ்ராய் மேயோ பிரபு வருவாய், வேளாண்மை, வணிகத் துறையை அமைத்து ஹியூமைச் செயலராக்கினார். பெயரில் வேளாண்மை இருந்தாலும் அரசின் கண் வரிவசூலில்தான் இருந்தது. அதை வெளிப்படையாகச் சொன்ன ஹியூமை 1879-ல் பதவியிலிருந்து இறக்கினார்கள். துறையும் கலைக்கப்பட்டது. அந்த ஆண்டே இந்திய வேளாண்மைச் சீர்திருத்தம் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். இந்திய உழவனுக்குக் களையெடுக்கக் கற்றுத்தர ஐரோப்பாவிடம் ஒன்றுமில்லை, கோதுமை வயலைப் பார்த்தாலே தெரியும் என்பது அவர் கருத்து. சாணத்தை எரிக்காமல் வயலுக்கே போட வேண்டும், அதற்கு வறண்ட பகுதிகளில் ஊருக்கு ஊர் விறகுக்கும் தீவனத்துக்கும் தோப்பு வேண்டும் என்றும் எழுதினார். இன்று நம் மாவட்டத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை, திரும்பிய பக்கமெல்லாம் சீமைக்கருவேல். ஆனால் அவர் கேட்ட தோப்பு இதுவல்ல.

பதவி போனபின் பறவைகளைப் பற்றிப் பெரிய நூல் எழுதுவது அவர் திட்டம். சிம்லா வீட்டில் 25 ஆண்டுக் குறிப்புகளும் கடிதங்களும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. 1880-களின் நடுவில் ஒரு குளிர்காலத்தைச் சமவெளியில் கழித்துவிட்டுத் திரும்பியபோது அவற்றைக் காணோம். வேலைக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிட்டார். வேறெங்கும் பிரதி இல்லை. ஹியூம் அத்தோடு பறவை ஆய்வைக் கைவிட்டார். சேகரித்திருந்த ஏறத்தாழ 82,000 பறவைத் தோல்களையும் முட்டைகளையும் 1885-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதற்குள் உயிர்க்கொலையையும் விட்டிருந்தார். அதே டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் கூடியது. 1894-ல் இங்கிலாந்து திரும்பி, செடிகொடிகள் பக்கம் கவனத்தைத் திருப்பினார். 1910-ல் தெற்கு லண்டனில் ஒரு தாவரவியல் நிறுவனத்தை ஏற்படுத்தினார். இறந்தது 1912-ல்.

எஞ்சியவை அந்தத் தோல்களும் முட்டைகளும், பத்திரிகையிலும் நூல்களிலும் அச்சேறிய குறிப்புகளும்தான். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். எடைக்குப் போனவற்றில் என்னென்ன இருந்தன என்பது யாருக்கும் தெரியாது.

இப்போது உங்கள் கண்மாய்க்கு வாருங்கள். செங்கால் நாரை எந்த மாதம் இறங்கியது, கூழைக்கடா எந்தக் கருவேல மரத்தில் கூடு வைத்தது, தண்ணீர் வற்றிய ஆண்டில் எத்தனை நாளில் கிளம்பிப் போனது என்பதெல்லாம் கரையோரம் நிலம் வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியும். எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் பாயும் வயலின் பச்சையும், நத்தைகுத்தி நாரை இறங்கிய வயலில் நத்தை குறைவதும் தெரியும். இவற்றில் பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. ஹியூமின் கட்டுகளாவது ஒருமுறை எழுதி வைக்கப்பட்டிருந்தன.

2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓரிடத்தில் 15 நிமிடம் நின்று பார்த்தால் போதும். தேதி, நேரம், கண்மாயின் பெயர், தண்ணீரின் அளவு, பறவை, எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். புத்தகப் பெயர் தெரியாவிட்டால் உங்கள் ஊரில் சொல்லும் பெயரையே எழுதுங்கள். பறவை வராத நாளில் வரவில்லை என்று குறிப்பதும் பதிவுதான். செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் ஈபேர்டு செயலியில் ஏற்றிவிடுவார்கள். நோட்டுக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து ஊர்ப் பள்ளியிலோ வனச்சரக அலுவலகத்திலோ கொடுத்து வையுங்கள்.