நாட்டார் பாடல்களின் காவலர் நா. வானமாமலை

ஒரு மக்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டும் இருப்பதில்லை. நாற்று நடுவோரின் பாட்டிலும், தாயின் தாலாட்டிலும், கோயில் கொடைவிழாவில் ஒலிக்கும் வில்லுப்பாட்டிலும் அது வாழ்கிறது. எழுத்தறியாதவர் பாட்டு என்று கற்றோர் பலர் அவற்றை ஒதுக்கிய காலத்தில், அவற்றை ஆராய்ச்சிக்குரிய செல்வமாக மதித்தவர் பேராசிரியர் நா. வானமாமலை.

இவர் 1917ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் பிறந்தார். ஆசிரியராகப் பணியாற்றிய இவர், பின்னர் அரசுப் பணியைத் துறந்து பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றை நடத்தினார். உழவர், தொழிலாளர் நலனுக்காகவும் உழைத்தார். அவர்களோடு பழகியபோது, அவர்கள் பாடும் பாடல்களில் வாழ்க்கையின் இன்பதுன்பங்கள் நிறைந்திருப்பதை உணர்ந்தார்.

பாடல்களை அறிந்த முதியோர் மறைந்தால் பாடல்களும் மறைந்துவிடும். எனவே, எஸ்.எஸ். போத்தையா முதலிய நண்பர்களின் துணையோடு ஊர் ஊராகப் பாடல்களைத் திரட்டினார். அவ்வாறு திரட்டியவற்றைத் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்னும் நூலாக 1964இல் வெளியிட்டார். தாலாட்டு, விளையாட்டுப் பாட்டு, தொழிற்பாட்டு, ஒப்பாரி என மனித வாழ்வு முழுவதும் அந்நூலில் இடம்பெற்றது.

கட்டபொம்மன், கான்சாகிபு ஆகியோரைப் பற்றிய கதைப்பாடல்களையும் நா.வா. பதிப்பித்தார். அவற்றுள் முத்துப்பட்டன் கதை குறிப்பிடத்தக்கது. உயர்குலம் எனப்பட்ட குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், தோல்தொழில் செய்யும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணந்தான். செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டான். மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு போரிட்டு உயிர் துறந்தான். பாபநாசம் மலைப்பகுதியில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனைப் பட்டவராயன் என்று மக்கள் வணங்குகின்றனர். தோல் செருப்பைக் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் அங்கு இன்றும் உள்ளது.

அப்பெண்கள் உண்மையில் உயர்குலத்தில் பிறந்தவர்கள் என்று கூறும் ஒரு பகுதியும் அக்கதையில் காணப்படுகிறது. சாதி வேற்றுமையை மீறிய திருமணத்தை ஏற்க விரும்பாதவர்கள் பிற்காலத்தில் அதைச் சேர்த்தனர் என்று நா.வா. விளக்கினார். பாடல்களைத் திரட்டினால் மட்டும் போதாது. அவற்றில் யார் எதை ஏன் மாற்றினர் என்றும் ஆராய வேண்டும் என்பதை இப்பணி உணர்த்தியது.

இத்தகைய தொண்டு பிற நாடுகளிலும் நடந்துள்ளது. ஐரோப்பாவில் செக் மக்களின் நிலத்தில் ஜெர்மன் மொழி மேலோங்கியிருந்த காலத்தில், காரெல் யாரோமிர் எர்பென் என்பவர் சிற்றூர் மக்களின் பாடல்களையும் கதைகளையும் தொகுத்தார். குளிர்காலம் முடியும்போது வைக்கோல் பொம்மையை ஊருக்கு வெளியே கொண்டுசென்று ஆற்றில் எறிவது செக் மக்களின் வழக்கம். அப்போது பாடும் பாடல்களும் அவருடைய தொகுப்பில் உள்ளன. செக் மொழி மீண்டும் தலைநிமிர அத்தகைய தொகுப்புகள் துணைசெய்தன.

தம் பணி தம்மோடு முடிந்துவிடக் கூடாது என்று நா.வா. எண்ணினார். 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் 'ஆராய்ச்சி' என்னும் இதழை நிறுவினார். இளைஞர்கள் தம் கட்டுரைகளைக் குழுவில் படித்தனர். மற்றவர்கள் அவற்றைத் தயக்கமின்றி விவாதித்தனர். அக்குழுவில் பயின்ற பலர் பின்னாளில் சிறந்த ஆய்வாளர்களாக விளங்கினர். 1980ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் நா.வா. மறைந்தார்.

மலாயாவுக்கு வந்த நம் முன்னோரும் தாலாட்டையும் கும்மியையும் ஒப்பாரியையும் உடன் கொண்டுவந்தனர். ரப்பர்த் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிப் புதிய பாடல்களையும் கட்டினர். தோட்டங்களை விட்டு நகரங்களுக்குக் குடிபெயர்ந்த முதியோர் பலர் இன்றும் அப்பாடல்களை நினைவில் வைத்துள்ளனர். பினாங்கு ஜெலுத்தோங்கின் அடுக்குமாடி வீட்டில் வாழும் பாட்டி ஒருவருக்கும் அத்தகைய பாடல் தெரிந்திருக்கலாம். அவரைப் பாடச் சொல்லிக் கேட்டு, சொல் மாறாமல் எழுதி வைப்பதே நா.வா.வுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.