மகளுக்குச் சொத்து உண்டா? லண்டன் வரை போய் ஜெயிச்ச சிவகங்கை ராணி!

அப்பா சொத்துல பங்கு கேட்டு வக்கீலிடம் போனால், அவர் முதலில் கேட்கும் கேள்வி எது தெரியுமா? சொத்து பூர்வீகமா, சுயசம்பாத்தியமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க, சிவகங்கையில் ஒரு மகள் லண்டன் வரை போராடினார். அவர்தான் ராணி காத்தம நாச்சியார்.

கதை 1801-ல் தொடங்குது. மருது சகோதரர்களை வீழ்த்த, கிழக்கிந்திய கம்பெனி கௌரி வல்லப உடையத் தேவரை சிவகங்கை ஜமீன்தாராக்கியது. அவருக்கு ஆண் வாரிசு இல்லை. 1829-ல் அவர் இறந்ததும், அண்ணன் மகன் ஜமீனைக் கையில் எடுத்துக்கொண்டார். 'நாங்க பிரியாத கூட்டுக்குடும்பம், அதனால சொத்து ஆண் வழிக்குத்தான்' என்பது அந்தத் தரப்பின் வாதம்.

விதவை ராணி அங்கமுத்து நாச்சியார் கோர்ட்டுக்குப் போனார். 1847-ல் மதுரை சிவில் நீதிபதி அவர் வழக்கைத் தள்ளுபடி செய்தார். அப்பீல் முடியும் முன்பே, 1850-ல் ராணி காலமானார். அடுத்து களத்தில் இறங்கியவர், ஜமீன்தாரின் மகள் காத்தம நாச்சியார். சென்னையிலும் நியாயம் கிடைக்கலை. மிச்சமிருந்தது லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் மட்டும்தான்.

அந்தக் காலத்தை கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. சூயஸ் கால்வாய் திறந்ததே 1869-ல்தான். சாட்சியம், சனது, தீர்ப்பு நகல் எல்லாம் கடல் தாண்டிப் போகணும். வக்கீல் கடிதம் போய், பதில் வர மாசக்கணக்கில் ஆகும். செலவோ தண்ணியா ஓடும்.

1863-ல் தீர்ப்பு வந்தது. குடும்பம் பிரியாமலே இருந்திருந்தாலும், கம்பெனி ஜமீனைக் கொடுத்தது கௌரி வல்லபர் என்ற தனி மனிதருக்கு. எனவே அது அவருடைய சுயசம்பாத்தியம். மனைவிக்கும், அவருக்குப் பின் மகளுக்கும்தான் போகும். அண்ணன் வாரிசுக்கு இல்லை! அப்பா இறந்து 34 வருஷம் கழிச்சு, ஜமீன் மகள் கைக்கு வந்தது. 1877-ல் மறையும்வரை அவர்தான் சிவகங்கை ராணி.

ஆனா, ஒன்றை மறந்துடாதீங்க. மகனும் மகளும் சமம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லலை. அதே ஜமீன் பூர்வீகச் சொத்தாக இருந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். ஜெயித்தபோதும் கிடைத்தது ஆயுள்கால உரிமை மட்டுமே. அவருக்குப் பிறகு பேரன்கள் மறுபடி கோர்ட் படி ஏறினார்கள்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு என்ற சட்டம் தமிழ்நாட்டுக்கு 1989-லும், நாடு முழுக்க 2005-லும் வந்தது. சுயசம்பாத்தியச் சொத்துக்கு மட்டும் அப்பா உயில் எழுதியிருந்தால், அது யாருக்கோ அவங்களுக்குத்தான்.

அடுத்த முறை யாராவது ஸ்டாம்ப் பேப்பரை நீட்டி, 'சும்மா ஒரு கையெழுத்து போடும்மா' என்றால், உடனே பேனாவை எடுக்காதீங்க. பத்திரம் யார் பேர்ல, எந்த வழியில் வந்ததுன்னு முதல்ல கேளுங்க. காத்தம நாச்சியாரின் ஜமீனே அந்த ஒரு பதிலில்தான் நின்றது!