உலகப் பட்டத்தை நழுவ விட்ட உத்தமர்

1910-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். ஜெர்மனியின் பெர்லின் நகரம். உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

மேஜையின் ஒரு பக்கம் உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர். 1894-ம் ஆண்டு முதல் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர். எதிரே அமர்ந்திருந்தவர் ஆஸ்திரியா நாட்டைச் சேர்ந்த கார்ல் ஷ்லெக்டர். வயது 35. மெலிந்த உடல். மென்மையான சுபாவம்.

அதுவரை 9 ஆட்டங்கள் முடிந்திருந்தன. ஷ்லெக்டருக்கு 5 புள்ளி. லாஸ்கருக்கு 4 புள்ளி. 10-வது ஆட்டத்தை ஷ்லெக்டர் "டிரா" செய்தால் போதும். போட்டியில் வெற்றி அவருக்கே.

"டிரா" செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அன்று அவர் "டிரா"வுக்காக ஆடவில்லை. வெற்றிக்காக ஆடினார். தோற்றுப்போனார்.

கைக்கு எட்டிய பட்டத்தை அவர் ஏன் விட்டார்? செஸ் உலகம் 100 ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

13 வயதில் தொடக்கம்

கார்ல் ஷ்லெக்டர் 1874-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி வியன்னா நகரில் பிறந்தார். 13 வயதில்தான் செஸ் ஆடக் கற்றுக்கொண்டார். விரைவில் ஆட்டமே அவருடைய வாழ்க்கை ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் வியன்னாவின் காப்பிக் கடைகளில் செஸ் பலகைகள் போட்டிருப்பார்கள். நாள் முழுவதும் ஆட்டம் நடக்கும். அந்தச் சூழலில்தான் ஷ்லெக்டர் வளர்ந்தார். பந்தயங்களில் கிடைத்த பரிசுப் பணமும், செஸ் பற்றி எழுதியதற்குக் கிடைத்த சன்மானமுமே அவருடைய வருமானம்.

1893-ம் ஆண்டு, ஜார்ஜ் மார்கோ என்ற ஆட்டக்காரருடன் 10 ஆட்டங்கள் கொண்ட போட்டியில் மோதினார். 10 ஆட்டங்களும் "டிரா" ஆயின. "டிரா மன்னர்" என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது.

அதற்காக அவரை வெல்லத் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. 1906-ம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் ஆஸ்டெண்ட் நகரில் நடந்த பெரிய பந்தயத்தில் முதல் பரிசு பெற்றார். 1908-ம் ஆண்டு வியன்னாவிலும் பிராக் நகரிலும் முதல் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். உலக சாம்பியனோடு மோதத் தகுதி உள்ளவர் என்று பலரும் அவரை ஏற்றுக்கொண்டது சும்மா அல்ல.

கடிகாரம் சொன்ன கதை

செஸ் பந்தயத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கடிகாரம் உண்டு. குறித்த நேரத்தில் ஆட்டம் தொடங்கிவிடும். ஒருவர் தாமதமாக வந்தால் அவருடைய நேரம்தான் வீணாகும். எதிரி லேட் என்றால் லாபம் என்று சந்தோஷப்படுகிறவர்களே அதிகம்.

ஷ்லெக்டர் அப்படி இல்லை. எதிரி தாமதமாக வந்தால், அவர் எத்தனை நிமிடம் இழந்தாரோ அத்தனை நிமிடத்தைத் தன் கணக்கிலும் கழித்துக்கொள்வாராம். யாருக்கும் தெரியாமல், சத்தம் போடாமல் இதைச் செய்வாராம். எதிரிக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால், ஆட்டத்தை இழுத்தடிக்காமல் "டிரா" என்று முடித்துக்கொள்வாராம். அவரோடு பழகிய ஆட்டக்காரர்கள் இப்படித்தான் அவரை நினைவில் வைத்திருந்தார்கள்.

ஷ்லெக்டர் என்ற ஜெர்மன் சொல்லுக்கு "மோசமானவர்" என்று அர்த்தம் கொள்ளலாம். பெயருக்கும் குணத்துக்கும் அவ்வளவு தூரம்!

அதிர்ஷ்ட வெற்றி

லாஸ்கருடன் நடந்த போட்டி 1910-ம் ஆண்டு ஜனவரியில் வியன்னாவில் தொடங்கியது. நீண்ட போட்டியாக நடத்தத்தான் முதலில் பேச்சு நடந்தது. போதிய பணம் திரளவில்லை. எனவே 10 ஆட்டங்கள் என்று முடிவு செய்தார்கள்.

முதல் 4 ஆட்டங்களும் "டிரா". 5-வது ஆட்டத்தில் லாஸ்கரின் கை ஓங்கியிருந்தது. ஆட்டம் நீண்டது. ஷ்லெக்டர் விடாமல் தற்காத்துக்கொண்டே இருந்தார். முடிவில் லாஸ்கர் ஒரு பெரிய தவறு செய்தார். ஆட்டம் தலைகீழாக மாறியது. ஷ்லெக்டர் வென்றார்.

தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் அது. எதிரியின் தவறால் வெற்றி கிடைத்தது.

பிறகு போட்டி பெர்லின் நகருக்கு மாறியது. அடுத்த 4 ஆட்டங்களும் "டிரா". உலக சாம்பியன் எவ்வளவு முயன்றும் ஷ்லெக்டரை அசைக்க முடியவில்லை. அந்த ஒரு புள்ளி முன்னிலை அப்படியே இருந்தது.

10-வது ஆட்டம்

கடைசி ஆட்டத்தில் ஷ்லெக்டருக்குக் கறுப்புக் காய்கள். பாதுகாப்பாக ஆடியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. தாக்குதலில் இறங்கினார். ஒரு கட்டத்தில் யானையைக் கொடுத்து, அதைவிட மதிப்புக் குறைந்த காயை வாங்கினார். லாஸ்கரின் ராஜாவை நெருக்கினார்.

வெற்றிக்கு நல்ல வாய்ப்பு வந்தது. அது தவறியது. அதற்குப் பிறகும் "டிரா" செய்ய வழி இருந்தது என்று ஆட்டத்தை ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஷ்லெக்டர் அந்த வழியில் போகவில்லை. மேலும் வெற்றியைத் தேடினார். தாக்குதல் ஓய்ந்தது. லாஸ்கரின் கூடுதல் பலம் வேலை செய்யத் தொடங்கியது. 71-வது நகர்த்தலில் எல்லாம் முடிந்துவிட்டது.

புள்ளிகள் 5-க்கு 5. போட்டி சமம். பட்டம் லாஸ்கரிடமே தங்கியது.

ஏன் அப்படி ஆடினார்?

இதற்கு இரண்டு விதமான பதில் சொல்கிறார்கள்.

பட்டம் பெற 2 புள்ளி முன்னிலை வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்திருக்கலாம், அதனால்தான் அவர் வெற்றியைத் தேட வேண்டியிருந்தது என்பது ஒரு சாராரின் கருத்து. அப்படி ஒரு நிபந்தனை இருந்ததா என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்றும் சர்ச்சை உண்டு.

இன்னொரு சாரார் அவருடைய குணத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். 5-வது ஆட்டத்தின் வெற்றி அவர் மனதை உறுத்தியது. எதிரியின் தவறால் கிடைத்த ஒரே ஒரு வெற்றியை வைத்துக்கொண்டு உலக சாம்பியன் ஆக அவர் விரும்பவில்லை. உண்மையாக ஓர் ஆட்டத்தை வென்று பட்டத்தை வாங்க நினைத்தார் என்கிறார்கள்.

எது சரி என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது பதிலைச் செஸ் ரசிகர்கள் சுலபமாக நம்பினார்கள். எதிரி லேட்டாக வந்த நிமிடங்களைக்கூட லாபமாக எடுத்துக்கொள்ளாத மனிதர், எதிரி செய்த தவறை மட்டும் எப்படி மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வார்?

தொடர்ந்த உழைப்பு

தோல்வியால் அவர் இடிந்துவிடவில்லை. அதே 1910-ம் ஆண்டில் ஹாம்பர்க் நகரில் நடந்த பந்தயத்தில் முதல் பரிசு வாங்கினார். 1911-ம் ஆண்டு, பிரபல ஆட்டக்காரர் டாராஷுடன் 16 ஆட்டங்கள் ஆடிச் சமன் செய்தார்.

பில்கேர் என்பவர் பெயரால் வழங்கும் பெரிய செஸ் நூலின் 8-வது பதிப்பைத் தயாரித்தார். 1,000 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் அது. ஆனால் லாஸ்கருடன் பட்டத்துக்காக மோத மறுபடியும் வாய்ப்பு வரவே இல்லை.

பசியிலும் வாய் திறக்கவில்லை

1914-ம் ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. பந்தயங்கள் குறைந்தன. செஸ் ஆடிப் பிழைத்தவர்களின் வருமானம் போயிற்று. போர் நீள நீள வியன்னாவில் ரொட்டிக்கும் கரிக்கும் கடும் பஞ்சம் ஏற்பட்டது.

1918-ம் ஆண்டு பெர்லினில் 4 பேர் மட்டும் ஆடிய ஒரு பந்தயம் நடந்தது. ஷ்லெக்டரும் ஆடினார். 8 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே ஊரில், லாஸ்கரின் எதிரே மீண்டும் அமர்ந்தார். லாஸ்கருக்கு முதல் இடம். ஷ்லெக்டருக்கு 3-வது இடம்.

அவருடைய உடல் நலிந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டார். செஸ் உலகில் அவருக்கு நண்பர்கள் ஏராளம். எதிரி என்று சொல்ல ஒருவர்கூட இல்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிவந்து உதவியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை. பணம் இல்லை என்றோ, பசிக்கிறது என்றோ யாரிடமும் வாய் திறக்கவில்லை.

1918-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி, ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் ஷ்லெக்டர் இறந்தார். நிமோனியா காய்ச்சலும் பட்டினியும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தன. அப்போது அவருக்கு வயது 44. டிசம்பர் 31-ந் தேதி அந்த ஊரிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

தனக்கு உரிமை இல்லாததை எடுத்துக்கொள்ளக் கூசிய மனிதர், உரிமையோடு கேட்கக்கூடிய உதவியைக் கேட்கவும் கூசினார். முதலாவது அவருக்குப் பெருமை சேர்த்தது. இரண்டாவது அவர் உயிரைப் பறித்தது. நண்பர்களிடம் கஷ்டத்தைச் சொல்வதில் ஓர் இழிவும் இல்லை என்று அவருக்கு எடுத்துச் சொல்ல, அப்போது பக்கத்தில் யாரும் இல்லை.

லாஸ்கர் 1921-ம் ஆண்டு வரை, மொத்தம் 27 ஆண்டுகள் உலக சாம்பியனாக இருந்தார். சாம்பியன்கள் பட்டியலில் ஷ்லெக்டரின் பெயர் கிடையாது. ஆனாலும் செஸ் ஆட்டத்தில் பெருந்தன்மை பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், தன் கடிகாரத்தில் தானே நேரத்தைக் குறைத்துக்கொண்ட அந்த வியன்னாக்காரரின் பெயரும் கூடவே வருகிறது.