மூதறிஞர் இராஜாஜியும் மதுவிலக்கும்

மது, புலால், தேன் ஆகியவற்றை விலக்குவதை இல்லறத்தாரின் முதற்கடமையாகப் போற்றும் நம் குடும்பங்களுக்கு, மதுவிலக்கையே அரசின் சட்டமாக்கிய இராஜாஜியின் வரலாறு நெருக்கமானது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக உயர்ந்த அப்பெருமகனாரின் பொதுவாழ்வு, சேலம் நகரசபையின் ஓர் எளிய உறுப்பினர் பதவியிலேயே தொடங்கிற்று என்பதை ஈண்டு நினைவுகூர்வோம்.

1878 டிசம்பர் 10 அன்று ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த அவர், 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். 1911இல் நகரசபை உறுப்பினராகி, 1917இல் அதன் தலைவரானார். அக்கிரகாரத்திற்குக் குடிநீர் திறந்துவிடும் பணியில் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவரை அவர் அமர்த்தியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அவரோ சிறிதும் பின்வாங்கவில்லை.

1919இல் காந்தியடிகளின் தொடர்பு ஏற்பட்டபின், வருவாய் மிக்க தொழிலைத் துறந்து சிறை புகுந்தார். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவி, சிற்றூர் மக்களிடையே வாழ்ந்தார். ஏழையின் கூலி கள்ளுக்கடைக்குப் போவதையும், மனைவி மக்கள் பட்டினி கிடப்பதையும் அங்கே அவர் நேரில் கண்டார். மதுவின் தீமையை உணர்த்தவே 1929இல் ‘விமோசனம்’ என்னும் இதழை நடத்தினார். எழுத்தாளர் கல்கி அதில் அவருக்குத் துணை நின்றார்.

1937 ஜூலையில் அவர் சென்னை மாகாணத்தின் பிரதமரானார். கள், சாராயத்தின் மீதான ஆயத்தீர்வை அன்று மாகாணத்தின் பெரிய வருவாய்களுள் ஒன்று. அதனை இழந்து ஆட்சி நடத்துவது எங்ஙனம் என்னும் கேள்வி எழுந்தது. அவர் மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் சட்டம் செய்யவில்லை. தாம் நன்கறிந்த சேலம் மாவட்டத்தை முதலில் தேர்ந்து, 1937 அக்டோபர் 1 முதல் அங்கே கடைகளை மூடச் செய்தார். பின்னர் சித்தூர், கடப்பை, வட ஆர்க்காடு மாவட்டங்களுக்கும் அதனை விரித்தார். வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தார். வணிகர்க்கு அது சுமையே. எனினும், குடிப்போர் பணத்தில் அரசு வாழலாகாது என்பது அவர் துணிபு.

அவ்வுறுதியே வேறு சிலவற்றில் அவருக்குப் பகையாயிற்று என்பதையும் மறைத்தல் முறையன்று. 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதால் கிளர்ச்சி மூண்டது; சிறைப்பட்டோருள் நடராசன், தாளமுத்து இருவரும் 1939இல் உயிர்நீத்தனர். 1952இல் மீண்டும் முதலமைச்சரான அவர், மறு ஆண்டு கொணர்ந்த அரைநாள் கல்வித் திட்டம் குலத்தொழிலைத் திணிப்பதெனக் கண்டிக்கப்பட்டது. 1954இல் அவர் பதவி விலகினார். தாம் சரியெனக் கண்டதைப் பிறர் ஏற்கும்வரை காத்திருக்கும் பொறுமை அவரிடம் குறைந்திருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இதற்கிடையே, 1948இல் ஓமந்தூரார் ஆட்சியில் மதுவிலக்கு மாகாணம் முழுவதும் பரவியிருந்தது. 1971இல் அதனைத் தளர்த்த அரசு முற்பட்டபோது, 92 வயது முதியவரான இராஜாஜி, முதலமைச்சர் மு. கருணாநிதியின் இல்லத்திற்குத் தாமே சென்று, வேண்டாமென இரந்து கேட்டார். வேண்டுகோள் நிறைவேறவில்லை, கடைகள் திறக்கப்பட்டன. 1972 டிசம்பர் 25 அன்று அவர் மறைந்தார்.

பதவியில் இருந்தபோது ஆணையிட்டதையே, பதவியற்ற முதுமையில் பிறர் வாயிலில் நின்று வேண்டினார். அவர் கொள்கையின் தூய்மைக்கு இதனினும் சான்று வேண்டுமோ? அச்சட்டம் நாட்டில் நிலைக்காவிடினும், நம் இல்லங்களில் அந்நோன்பு நிலைத்திருக்குமாறு காப்பது நம் கடமையாகும்.