ஜி. என். இராமச்சந்திரன்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) சென்னைப் பல்கலைக்கழகத்திலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியராகப் பணியாற்றிய இயற்பியலாளர் ஆவார். தோலின் முதன்மைப் புரதமான கொலாசனின் மூவிழைச் சுருள் அமைப்பையும், புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க உதவும் இராமச்சந்திரன் வரைபடத்தையும் உருவாக்கியவர். மருத்துவமனைகளின் சி. டி. ஸ்கேன் கருவிகளில் படத்தை மீட்டுருவாக்கும் கணித முறைக்கும் இவரது பங்களிப்பு உண்டு.

இளமையும் கல்வியும்

இராமச்சந்திரன் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நாராயண ஐயர் கணிதப் பேராசிரியர். திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற பின், 1942 இல் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். விரைவிலேயே இயற்பியல் துறைக்கு மாறி, சர் சி. வி. இராமனின் மாணவரானார். 1947 இல் கேம்பிரிட்ஜ் சென்று, 1949 இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில்

1952 இல் தமது 29 ஆம் அகவையில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் பேராசிரியராகவும் தலைவராகவும் பொறுப்பேற்றார். அப்போதைய துணைவேந்தர் மருத்துவரான ஆ. இலட்சுமணசாமி முதலியார். அவரது ஆதரவுடன் ஊடுகதிர்ப் படிகவியல் ஆய்வகம் ஒன்று கிண்டியில் உருவானது. அவ்வாண்டு சென்னைக்கு வந்த பிரித்தானிய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாசனின் அமைப்பு இன்னும் தெளிவுபடவில்லை என்று குறிப்பிட்டதே இராமச்சந்திரனின் ஆய்வுக்குத் தொடக்கமாயிற்று.

கொலாசனும் தோல் தொழிலும்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் கையாளப்படும் பொருள் பெரும்பாலும் கொலாசனே ஆகும். ஆவாரம்பட்டையோ குரோமிய உப்போ கொலாசன் இழைகளைப் பிணைப்பதால்தான் பச்சைத் தோல் அழுகாத பதனிட்ட தோலாகிறது. இத்தொழிலுக்கென 1948 இல் அமைக்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பல்கலைக்கழக ஆய்வகத்திற்கு அருகிலேயே இருந்தது. ஆய்வுக்கான கொலாசன் மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன.

இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழைகள் கொண்ட அமைப்பை 1954 இல் நேச்சர் இதழில் முன்வைத்தனர். அம்மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய சுருளாக அமைகின்றன என 1955 இல் திருத்தி வெளியிட்டனர்.

எதிர்ப்பும் விடையும்

அதே ஆண்டில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிசு கிரிக் ஆகியோர் இவ்வமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கூறி, மாற்றி அமைத்த வடிவம் ஒன்றை முன்வைத்தனர். மூவிழைச் சுருள் என்ற அடிப்படை நிலைத்தது. ஐதரசன் பிணைப்புகள் குறித்த விவாதம் நீடித்தது. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்னும் கேள்விக்கு விடை காண, இராமச்சந்திரன் அதுவரை அறியப்பட்ட படிக அமைப்புகளின் அளவுகளைத் திரட்டச் செய்தார். அதன் பயனாக சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இணைந்து 1963 இல் வெளியிட்டதே இராமச்சந்திரன் வரைபடம். புரதச் சங்கிலியின் இரு சுழற்சிக் கோணங்களில் எவை இயலும், எவை இயலா என்பதை அது காட்டுகிறது. உயிர்வேதியியல் பாடநூல்களில் இன்றும் அது கற்பிக்கப்படுகிறது.

மருத்துவப் படிமவியல்

1970 இல் சென்னையை விட்டு விலகிய இராமச்சந்திரன், பெங்களூரில் மூலக்கூற்று உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். 1971 இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவை மீட்கும் முறை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்.

சாதாரண ஊடுகதிர்ப் படத்தில் உடலின் எல்லா அடுக்குகளின் நிழலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. பல கோணங்களில் படம் எடுத்து அவற்றைப் பின்னோக்கிப் பரப்பினால் குறுக்குவெட்டு உருவம் கிடைக்கும். ஆனால் அது மங்கலாக இருக்கும். ஃபூரியர் உருமாற்றம் வழியே இதைச் சரிசெய்ய அன்றைய கணினிகளுக்கு நெடுநேரம் தேவைப்பட்டது. ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு வடிப்பிச் சார்புடன் சுருட்டிக் கூர்மைப்படுத்திவிட்டுப் பின்னர் பரப்பினால் கணக்கு எளிதாகும் என இருவரும் காட்டினர். வானொலி வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967 இல் இதையொத்த முறையைக் கண்டிருந்தனர்.

1971 அக்டோபரில் இங்கிலாந்தில் ஹவுன்சுஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. அக்கருவி வேறு கணித முறையையே பயன்படுத்தியது. அடுத்து வந்த கருவிகளில் சுருட்டல் முறை பரவி, பல ஆண்டுகள் முதன்மை முறையாக விளங்கியது. ஹவுன்சுஃபீல்டும் கோர்மாக்கும் 1979 இல் நோபல் பரிசு பெற்றனர். இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. எனினும் கதிரியல் மாணவர்கள் பயிலும் ராம்–லாக் வடிப்பி இவ்விருவர் பெயரையும் தாங்கியுள்ளது.

சிறப்புகளும் இறுதிக்காலமும்

சாந்தி சுவரூப் பட்நாகர் விருது (1961), இலண்டன் அரச கழக உறுப்பினர் தகுதி (1977), எவால்டு பரிசு (1999) ஆகியவற்றைப் பெற்றார். இறுதி ஆண்டுகளில் நடுக்குவாதத்தால் துன்புற்ற அவர் சென்னையில் காலமானார். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரங்கம் ஒன்று மூவிழைச் சுருளின் பெயரால் அழைக்கப்படுகிறது.